தகுதியற்றவருக்கும் கனமா? – வாசகர் கேள்வி பதில்

"கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" (ரோமர் 12:10) என்ற வசனத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன: மதிக்கத்தக்கவரை மதிப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை, மற்றவர்களை என்ன செய்வது? அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் தகப்பனார் குடிப்பழக்கத்தால் குடும்பத்தைச் சீரழித்தவர். அம்மாவை அடிப்பார். நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். இப்போது முதுமையும் நோயும் வந்தபின் எங்களைத் தேடி வந்திருக்கிறார். "தகப்பனைக் கனம்பண்ணுவது கட்டளை, ஆகவே வீட்டில் சேர்த்துக்கொள்" என்று சபையில் சிலர் வற்புறுத்துகிறார்கள். அம்மாவோ அவர் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, தகப்பனாரைக் கனம்பண்ண வேண்டுமா என்பது ஒரு கேள்வி, அவரை வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். முதலில் கட்டை அவிழ்ப்போம்.

முதல் கேள்விக்குப் பதில், ஆம் என்பதே. யாத்திராகமம் 20:12 நல்ல தகப்பன், கெட்ட தகப்பன் என்று பிரித்துப் பேசவில்லை. பெற்றோர் காரியத்தில் மட்டுமல்ல, பொதுவாகவே வேதம் மனிதருக்குக் கனம் கொடுக்கச் சொல்லும்போது அதை அவர்கள் நடத்தைக்கான பரிசாகக் கருதுவதில்லை. மனிதன் தேவசாயலாக உண்டாக்கப்பட்டான் என்று ஆதியாகமம் 1:27 சொல்கிறது. ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, அதாவது மனிதரின் அக்கிரமம் உலகத்தையே மூழ்கடித்துவிட்ட பிறகும், மனித இரத்தத்தைச் சிந்தலாகாது என்பதற்கு அதே காரணத்தைத்தான் தேவன் மறுபடியும் காட்டுகிறார் (ஆதியாகமம் 9:6). தேவனைத் துதிக்கிற அதே நாவினால் தேவசாயலான மனிதரைச் சபிப்பது தகாது என்று யாக்கோபு 3-ஆம் அதிகாரத்தில் எழுதுவதும் இதே அடிப்படையில்தான். உங்கள் தகப்பனார் தம் வாழ்க்கையால் அந்தச் சாயலை எவ்வளவோ அவமானப்படுத்தியிருக்கலாம். அவரிடமிருந்து அதை முற்றிலும் அழித்துவிட அவராலும் முடியாது.

ஆனால், கனம்பண்ணுவது என்றால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதோ, பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதோ ஆகாது. இதற்குத் தாவீதைப் பாருங்கள். சவுல் அவனுக்கு ராஜா. மீகாளை மணந்ததால் மாமனாரும்கூட. அதே சவுல் ஈட்டியை எறிந்து அவனைச் சுவரோடே சேர்த்துக் குத்தப் பார்த்தவன். என்கேதி வனாந்தரத்துக் கெபியிலே சவுல் தன் கைக்கு அகப்பட்டபோது தாவீது அவனைக் கொல்லவில்லை. சால்வையின் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்டது. வெளியே வந்ததும் தரைமட்டும் குனிந்து, "என் தகப்பனே" என்று அழைத்தான் (1 சாமுவேல் 24). இவ்வளவு கனம் செய்தவன் அடுத்து என்ன செய்தான் என்பதைத்தான் நாம் பெரும்பாலும் வாசிக்காமல் கடந்துவிடுகிறோம். சவுல் கண்ணீர் விட்டு வீட்டுக்குப் போனான். தாவீதோ தன் மனிதரோடு அரணான இடத்துக்கு ஏறிப்போனான். இரண்டாம் முறை, தூங்கிக்கொண்டிருந்த சவுலைக் கொல்லாமல் தாவீது அவனுடைய ஈட்டியை எடுத்துச் சென்றபின், சவுல் தன் பாவத்தை அறிக்கையிட்டு, திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாங்கு செய்யமாட்டேன் என்று வெளிப்படையாகவே அழைத்தான். தாவீது மறுமொழியாக, ராஜாவின் ஈட்டி இதோ இருக்கிறது, உம்முடைய வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். தானே கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை (1 சாமுவேல் 26). மரியாதைக்கும் குறைவில்லை, தூரத்துக்கும் குறைவில்லை. இரண்டும் ஒரே மனிதனிடத்தில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. உங்களிடம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டளை "தகப்பனையும் தாயையும்" என்று சொல்கிறது. லேவியராகமம் 19:3 தாயை முதலாவதாகவே வைக்கிறது. பெயரைக் கேட்டே நடுங்குகிற தாயின் வீட்டுக்குள் அவரைக் கொண்டுவந்து வைப்பது, கட்டளையின் ஒரு பாதியைக் காட்டி மறுபாதியை மீறுவதாகும். அம்மா தாமாக மனம் இசைந்தால் ஒழிய, யாருடைய வற்புறுத்தலுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

அப்படியானால் கனம் என்பது எந்த வடிவில் வெளிப்பட வேண்டும்? மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று பெயர் சூட்டித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தார். ஆகவே, கைப்பணத்தைத் தொடாத கனம் அவர் பார்வையில் கனமாகாது. நோய்க்கான மருத்துவம், தங்க ஓர் இடம், நேரத்துக்கு உணவு, அவ்வப்போது போய்ப் பார்க்க ஓர் ஆள் ஆகியவற்றை உங்கள் சக்திக்கு ஏற்ப வேறோர் இடத்தில் ஏற்பாடு செய்யலாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்களை வற்புறுத்திய சபையாரிடமும் இதில் உங்கள் பங்கு என்ன என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை, இழித்துப் பேசவும் வேண்டியதில்லை. நோவா குடித்து வெறித்து வஸ்திரம் விலகிக் கிடந்ததை வேதம் மறைக்கவில்லை. ஆனால் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து சென்று தகப்பனை மூடினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. மன்னிப்பைப் பொறுத்தவரை, வராத உணர்ச்சியை வந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் ஒப்படைப்பது இன்றைக்கே செய்யக்கூடியது. மற்றது காலம் எடுக்கும்.

கேள்வி: என் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் ஊழியர்களை ஒருமையில் திட்டுகிறவர். ஒருமுறை கணக்கை மாற்றி எழுதும்படியும் சொன்னார். "ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்று வேதம் சொல்லும்போது, பொறுத்துப் போவதா, எதிர்ப்பதா?

பதில்: கணக்கை மாற்றி எழுதக் கூடாது. அதில் ஆலோசிக்க ஒன்றும் இல்லை. மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று அப்போஸ்தலர் 5:29 அந்த வாசலை அடைத்துவிட்டது. ஆலோசிக்க வேண்டியது மறுக்கும் விதத்தைப் பற்றித்தான். பாபிலோனில் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று தானியேல் தீர்மானித்தபோது, அவனுக்குப் பொறுப்பாயிருந்த பிரதானி தன் தலைக்கு ஆபத்து வருமே என்று அஞ்சினான். தானியேல் அந்த அச்சத்தை அலட்சியம் செய்யாமல், பத்து நாள் சோதித்துப் பாரும், பிறகு நீர் கண்டபடி செய்யும் என்று வழி காட்டினான் (தானியேல் 1). கொள்கையில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரே இருப்பவனுக்கும் ஒரு தலை இருக்கிறது என்பதை மறக்கவும் இல்லை. நீங்களும் தனியே சென்று, "ஐயா, இதை என்னால் செய்ய முடியாது, நாளை தணிக்கையில் இது உங்களையும் சிக்கலில் மாட்டிவிடும். உண்மைக் கணக்கை விளக்கத்தோடு கொடுக்க நான் உதவுகிறேன்" என்று சொல்லலாம்.

அவமதிப்பைப் பொறுத்தவரை, வாய்மூடிக் கிடப்பதுதான் கிறிஸ்தவ மரியாதை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பவுல் அப்படி நினைக்கவில்லை. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அவரையும் சீலாவையும் அடித்துக் காவலில் வைத்த அதிகாரிகள், மறுநாள் காலையில் சேவகரை அனுப்பிச் சத்தமில்லாமல் விடுதலை செய்யப் பார்த்தபோது, ரோமரான எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பலாமா, அவர்களே வந்து வெளியே கொண்டுவிடட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16). அவர்கள் வந்து வேண்டிக்கொண்டதும் அதற்குமேல் அவர்களைத் துரத்தவில்லை. லீதியாளின் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைத் தேற்றிவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பட்டணத்தில் தங்கியிருக்கப்போகும் புதிய விசுவாசிகள்மேல் இனி யாரும் எளிதில் கைநீட்டக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எனவே எழுத்து மூலம் முறையிடுவதும், உரிய பிரிவில் புகார் அளிப்பதும் கனவீனம் ஆகாது. புகாரில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். அவருடைய குடும்பம், தோற்றம், குணம் எதுவும் அதில் இடம்பெற வேண்டாம்.

நீங்கள் சுட்டிய 1 பேதுரு 2:17-ஐ முழுமையாக வாசியுங்கள்: "எல்லாரையும் கனம்பண்ணுங்கள், சகோதரரிடத்தில் அன்புகூருங்கள், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்." ராஜாவுக்குரியதாகச் சொல்லப்பட்ட அதே கனம் முதல் வாக்கியத்தில் எல்லாருக்கும் உரியதாக இருக்கிறது. உங்கள் மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிற கடைநிலை ஊழியரும் அந்த "எல்லாரில்" அடக்கம். அவருக்காக ஒரு வார்த்தை பேசுவதும் இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

கேள்வி: எங்கள் சபையில் காணிக்கைப் பணம் கையாளப்படும் விதம் பற்றிக் கேட்டால், "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்பது ஊழியரை அவமதிப்பதாகுமா?

பதில்: ஆகாது. மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் சங்கீதம் 105:15-இல் இருக்கிறது. அதற்கு முன் உள்ள மூன்று வசனங்களைச் சேர்த்து வாசித்தால், அங்கே பேசப்படுகிறவர்கள் கொஞ்சத் தொகையினராய், சொந்த நிலமின்றி, ஒரு ஜனத்தைவிட்டு மறு ஜனத்தண்டைக்குப் பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பது விளங்கும். அவர்களுக்காக ராஜாக்களைத்தான் கர்த்தர் கடிந்துகொண்டார். பலவீனரைப் பலவான்களிடமிருந்து காத்த வார்த்தையை எடுத்து, பொறுப்பில் இருப்பவர் கணக்குக் கேட்பவரை அடக்கப் பயன்படுத்துவது வசனத்தைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

பவுலின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த தர்மப்பணத்தை அவர் தாம் ஒருவராகவே சுமந்துகொண்டு போகத் துணியவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட ஒரு சகோதரனையும் அனுப்பினார். இந்தப் பெருந்தொகையைப் பற்றி ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). கேட்பதற்கு முன்பே கணக்குக் காட்டிய அப்போஸ்தலரை வைத்துப் பார்க்கும்போது, கேட்ட பிறகும் காட்டாதவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில், நன்றாய் விசாரிக்கிற மூப்பர்களை இரட்டிப்பான கனத்துக்குப் பாத்திரராக எண்ண வேண்டும் என்று சொன்ன கையோடு, இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான புகாரை ஏற்கக் கூடாது என்றும், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ஊர்வாயில் விழும் வதந்தியிலிருந்து ஊழியரைக் காப்பதும், உறுதியான குற்றத்தை மூடி மறைக்காமலிருப்பதும் அவருக்குச் செய்யும் கனத்தின் பகுதிகளாகவே அங்கே கருதப்படுகின்றன. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உணவருந்துவதிலிருந்து பின்வாங்கியபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2). எதிர்த்தது நேரிலே, பேதுரு இல்லாத இடத்தில் முணுமுணுத்தார் என்று எங்கும் இல்லை. நீங்களும் கையொப்பமிட்ட கடிதமாகப் பொறுப்பாளர்களுக்கே முதலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பிக்காதீர்கள். ஆனால், காரியம் பணத்தோடு நிற்காமல், பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ உடல்ரீதியான தீங்கு என்று தெரியவந்தால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்காமல் சட்டப்படியான அதிகாரிகளிடம் போக வேண்டும். அதை மறைப்பவர் யாருக்குமே கனம் செய்யவில்லை.

கேள்வி: "மற்றவர்களைத் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்கிறது பிலிப்பியர் 2:3. என் உடன் வேலை செய்பவரைவிட நான் திறமையாக வேலை செய்கிறேன் என்பது எனக்கும் அவருக்கும் தெரியும். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம். திறமையை எடைபோட்டுப் பார்க்கும்படி அந்த வசனம் கேட்கவில்லை. அடுத்த வசனமே, தனக்கானதை மட்டும் நோக்காமல் பிறருக்கானதையும் நோக்கச் சொல்கிறது. யாருடைய தேவை முன்னால் வர வேண்டும் என்பதே அங்குள்ள பேச்சு. அதைப் பவுல் தாமே எப்படிச் செய்தார் என்பதை ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் காணலாம். பெரிய உபதேசங்களை எல்லாம் எழுதி முடித்தபின் பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் புரட்டிவிடும் பக்கம் அது. பெபேயாள் அநேகருக்கும் தமக்கும் ஆதரவாயிருந்தவள்; பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தம் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள்; ரூபின் தாய் தமக்கும் தாய். பொத்தாம்பொதுவாக "நல்லவர்கள்" என்று முடித்துவிடாமல், அவரவர் செய்தது இன்னதென்று நினைவில் வைத்து எழுதுகிறார். இருபத்திரண்டாம் வசனத்தில் திடீரென்று வேறொரு குரல் கேட்கிறது: இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் உங்களை வாழ்த்துகிறேன். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தர் அவர்! அவருக்கும் சொந்தப் பெயரில் ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். உங்கள் உடன் பணியாளர் செய்த பங்கு அறிக்கையில் அவர் பெயரோடு இடம்பெறும்படி நீங்கள் பார்த்துக்கொண்டால், நீங்கள் கேட்ட வசனத்தை நிறைவேற்றிவிட்டீர்கள்.

கேள்வி: எங்கள் உறவினர் பலர் வேறு மதத்தினர். அவர்களை மதிக்க வேண்டுமானால் அவர்களுடைய வழிபாட்டிலும் கலந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மறுத்தால் மனம் நோகிறது.

பதில்: வழிபாடு தேவனுக்கு மட்டும், கனம் எல்லாருக்கும். இந்த எல்லைக்கோடு சபையின் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. கி.பி. 180 ஜூலை 17 அன்று, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ரோம ஆளுநர் சத்துர்னினுவின் முன் நிறுத்தப்பட்ட பன்னிரண்டு கிறிஸ்தவர்களின் விசாரணைக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் தொனாத்தா என்ற பெண் சொன்ன பதில் இது: இராயருக்கு (ரோமப் பேரரசருக்கு) இராயர் என்ற முறையில் கனம், பயபக்தியோ தேவனுக்கே. தன்னை மரணத்துக்கு அனுப்பப்போகிற ஆட்சியைக்கூட அந்தப் பெண் ஏளனம் செய்யவில்லை.

மறுப்பதோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எபேசு பட்டணத்தில் தேவியின் பெயரால் பெருங்கலகம் எழுந்தபோது, கிறிஸ்தவரல்லாத பட்டணத்துச் சம்பிரதியே, அதாவது நகர எழுத்தரே, எழுந்து நின்று, இந்த மனிதர் கோவிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சாட்சி சொன்னார் (அப்போஸ்தலர் 19). பவுலின் பிரசங்கம் விக்கிரகங்களைக் குறித்து ஒளிவுமறைவற்றது என்பது ஊரறிந்தது. அப்படியிருந்தும் நிந்தனை என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. உங்கள் உறவினரின் வழிபாட்டைப் பற்றி அவர்கள் இல்லாதபோது உங்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கத்தில் முதலில் போய் நிற்பவராகவும், நோயில் இரவு விழித்திருப்பவராகவும் நீங்கள் இருந்தால், அந்த ஒரு மணி நேர வழிபாட்டுக்கு வராதது அவமதிப்பாகத் தோன்றும் வாய்ப்பு மிகக் குறைவு. வர இயலாது என்பதை முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் பொய்க் காரணம் சொல்வதுதான் உண்மையில் அவமதிப்பு.

கேள்வி: ஆலயத்தில் வருகிறவர்களை வரவேற்று அமர்த்தும் பொறுப்பு எனக்கு. பெரிய காணிக்கையாளர்களுக்கு முன்வரிசையை ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை அப்படிச் சொல்கிறவர்களோடு சேர்ந்து ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவருக்கு நல்ல இடம், கந்தையான வஸ்திரம் தரித்த தரித்திரருக்குப் பாதபடி என்று அங்கே வருணிக்கப்படுவது உங்கள் பொறுப்பைத்தான்! அதைப் பட்சபாதம் என்றும், பட்சபாதத்தைப் பாவம் என்றும் யாக்கோபு தயங்காமல் சொல்கிறார். முன்வரிசை ஒதுக்கத்தான் வேண்டுமென்றால் காது மந்தமானவர்களுக்கும், பார்வை குறைந்தவர்களுக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஒதுக்குங்கள். கனவீனமாய்க் காணப்படும் அவயவங்களுக்கு அதிக கனத்தைக் கொடுக்கிறோம் என்ற 1 கொரிந்தியர் 12 அதற்குத் துணை நிற்கும்.

இருக்கையைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. வாசலில் நின்று எளியவர் ஒருவரின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லும்போதே, கண்கள் அவருடைய தோளுக்கு மேலாகப் பின்னால் வருகிற முக்கியஸ்தரைத் தேடிப் போய்விடும். கை பிடித்திருப்பவருக்கு அது உடனே தெரியும். அவர் பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் கேளுங்கள், அடுத்த வாரம் பெயர் சொல்லி அழையுங்கள். பின்னால் வருகிறவர் அரை நிமிடம் காத்திருப்பதால் அவருக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

கேள்வி: பிறர் என்னைப் பாராட்டினால் மறுத்துவிட வேண்டுமா?

பதில்: வணக்கமாக வந்தால் மறுக்க வேண்டும், நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு காலில் விழுந்தபோது, எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்று பேதுரு தூக்கிவிட்டார். சாதாரண நன்றியாக வந்தால் நன்றி என்று சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். மனதார ஒருவர் சொன்னதை மூன்று முறை மறுத்து, அவரை நான்காம் முறையும் சொல்லவைப்பது தாழ்மை ஆகாது.